லப்டொப்பில கரகர சத்தம்: ஸ்பீக்கரை மாத்த முதல் எதைப் பாக்கவேணும்?

வாவெட்டி (புதுக்குடியிருப்பு):

வணக்கம். லப்டொப்பில பாட்டு, வீடியோ எது போட்டாலும் இடைக்கிடை "டிக்... டிக்... கர்ர்" எண்டு வெடிக்கிற சத்தம் வருது. சாமான் விவரம்: வின்டோஸ் 11, இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளுக்க இருக்கிறது ரியல்டெக் ஒலிச் சிப், வைஃபை இன்டெல். கூத்துப் பாட்டு ஒலிப்பதிவுக்காக 2 சனல் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோட இணைக்கிற பெட்டி) ஒண்டு வெளியில கொழுவியிருக்கு. 4ஜி ரவுட்டர் சிக்னலுக்காக முன் விறாந்தை யன்னலில கிடக்கு, லப்டொப் பின் அறையில.

கவனிச்ச விசயங்கள். சத்தம் சீரா வாறேல்ல. கொஞ்ச நேரம் சுத்தமா ஓடும், பிறகு அடுத்தடுத்து வெடிக்கும். உள் ஸ்பீக்கர், ஹெட்போன், யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் மூண்டிலயும் ஒரே மாதிரி. வொலியூமைக் குறைச்சாலும் அதே. டாஸ்க் மனேஜரில சிபியூ 10 வீதத்தைத் தாண்டேல்ல. ரியல்டெக் ட்ரைவரை (சிப்பை வின்டோசோட இணைக்கிற மென்பொருள்) அழிச்சுத் திரும்பப் போட்டாச்சு, ஒரு மாற்றமும் இல்ல.

கடையில ஸ்பீக்கர் மாத்தவேணும், அதுக்கும் சரிவராட்டி போர்ட் மாத்தவேணும் எண்டு சொல்லுகினம். காசைக் குடுக்க முதல் வீட்டிலேயே எதைச் சோதிச்சுப் பாக்கலாம்?

ஓமந்தை:

தம்பி, ஸ்பீக்கருக்குக் காசு குடுக்காதேங்கோ. போர்டுக்கும் குடுக்காதேங்கோ. நீங்கள் எழுதினதிலேயே பாதி விடை கிடக்கு.

உள் ஸ்பீக்கரும் ஹெட்போனும் ரியல்டெக் சிப்பால ஓடுது. யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் அந்தச் சிப்பைத் தொடுறதே இல்லை, அதுக்குள்ள தனிச் சிப் இருக்கு. மூண்டிலயும் ஒரே கரகரப்பு எண்டால் ஸ்பீக்கரும் குற்றவாளி இல்லை, ரியல்டெக்கும் இல்லை. மூண்டுக்கும் பொதுவா இருக்கிறது சிபியூவும் வின்டோசும்தான். அதனாலதான் ரியல்டெக் ட்ரைவரைத் திரும்பப் போட்டும் பலன் இல்லாமப் போச்சு. ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்தால் வொலியூம் கூட்டினால்தான் அதிரும், அதுவும் குறிப்பிட்ட ஒரு சுரத்தில திரும்பத் திரும்ப ஒரே இடத்தில வரும். உங்கட சத்தம் அப்பிடி இல்லை.

நடக்கிறது இதுதான். வின்டோஸ் ஒலியை ஒரு சின்ன பஃபரில (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரப்பி நிரப்பி அனுப்புது. சாதாரணமா ஒரு தரத்துக்கு 10 மில்லிசெக்கன், அதாவது 48,000 ஹேர்ட்ஸில 480 சாம்பிள் (ஒலியின்ர அளவுப் புள்ளி). ஒவ்வொரு 10 மில்லிசெக்கனுக்குள்ளயும் அடுத்த 480 வந்து சேரவேணும். அதே நேரம் வைஃபை, கிராஃபிக்ஸ், டிஸ்க், பட்டரி எல்லாம் சிபியூவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்பிடிக் கூப்பிட்ட உடன ட்ரைவர் அவசர வேலையை மட்டும் செய்துபோட்டு மிச்சத்தை "டிபிசி" எண்ட வரிசையில போடும். அந்த டிபிசி ஓடுற நேரம் அந்தக் கோரில வேற எந்தப் புரோகிராமும் ஓடாது, ஒலி உட்பட. டிபிசி ஒண்டு 100 மைக்ரோசெக்கனுக்குள்ள முடியவேணும் எண்டுதான் மைக்ரோசொஃப்ட் ட்ரைவர் எழுதுற ஆக்களுக்குச் சொல்லுது. ஒழுங்கில்லாத ட்ரைவர் அதை ஆயிரக்கணக்கில இழுத்தடிக்கும். குளத்துத் தண்ணி முறை வைச்சு விடேக்க மேல் வயல்காரன் தன்ர வாய்க்காலை மூடாமல் விட்டால் கடைசி வயல் காயிற மாதிரித்தான் இதுவும்: தண்ணி கிடக்கு, கடைசி வயலுக்கு நேரத்துக்கு வரேல்ல. பஃபர் காஞ்ச அந்தக் கணம்தான் உங்களுக்கு "டிக்" எண்டு கேக்குது.

டாஸ்க் மனேஜர் ஒரு செக்கனுக்குச் சராசரி எடுத்துக் காட்டுறது. 10 மில்லிசெக்கன் தடங்கல் அதில 1 வீதம். அதுக்குள்ள இது தெரியவே தெரியாது.

இதை அளக்கிறதுக்கு லேட்டன்சிமொன் எண்ட இலவச மென்பொருள் இருக்கு, ரெஸ்பிளென்டன்ஸ் என்ற நிறுவனத்தின்ர. சில எம்பிதான், டேட்டா பெரிசாப் போகாது. இப்பிடிச் செய்யுங்கோ:

லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு அஞ்சு நிமிசம் சும்மா விடுங்கோ, பின்னால ஓடுற வேலைகள் அடங்கட்டும். சார்ஜரைக் கொழுவுங்கோ. பிரவுசர், ரெக்கோர்டிங் மென்பொருள் எல்லாத்தையும் மூடிப்போட்டு, லப்டொப்பிலயே இருக்கிற ஒரு பாட்டை மட்டும் ஓட விடுங்கோ. லேட்டன்சிமொன்னில பச்சை முக்கோணத்தை அமத்துங்கோ. குறைஞ்சது 15 நிமிசம் ஓடவேணும். கரகரப்பு வந்த பிறகு நிப்பாட்டுங்கோ, வராமல் நிப்பாட்டினால் அந்த அளவீட்டால பிரியோசனம் இல்லை. பிறகு "ட்ரைவர்ஸ்" பக்கத்துக்குப் போய் "ஹையெஸ்ட் எக்ஸிக்யூஷன்" எண்ட தலைப்பில அமத்தினால் மோசமானது மேல வந்து நிக்கும். மேல இருக்கிற மூண்டு பேரையும் இலக்கங்களோட இங்க போடுங்கோ. முதல் பக்கத்தில "ஹார்ட் பேஜ்ஃபோல்ட்" (ராமில இல்லாததை டிஸ்க்கில இருந்து எடுக்கப்போன தரம்) எத்தினை எண்டதையும் சேத்துப் போடுங்கோ.

அதுவரைக்கும் வேற எதையும் மாத்தவேண்டாம். ஒரே நேரத்தில நாலு விசயத்தை மாத்தினால், எது சரியாக்கினது எண்டு பிறகு ஒருத்தருக்கும் தெரியாது.

வாவெட்டி:

நன்றி அண்ணை. சொன்ன மாதிரி ஓட விட்டு எடுத்தது:

என்டிஐஎஸ்.சிஸ் – 11,840 மைக்ரோசெக்கன்
ஏசிபிஐ.சிஸ் – 3,110 மைக்ரோசெக்கன்
டபிள்யூடிஎஃப்01000.சிஸ் – 420 மைக்ரோசெக்கன்
ஹார்ட் பேஜ்ஃபோல்ட் 60 சொச்சம்.

முதல் பக்கத்தில சிவப்பு எழுத்தில, இந்தக் கணினி நிகழ்நேர ஒலிக்குச் சரிவராது எண்டு எழுதிக் காட்டுது. என்டிஐஎஸ் எண்டு தேடினால் அது மைக்ரோசொஃப்டின்ர ஃபைல் எண்டு வருது. அப்ப வின்டோசைத் திரும்ப அடிக்கவேணுமா?

ஓமந்தை:

வேண்டாம். வின்டோசைத் திரும்ப அடிச்சால், அதே ட்ரைவரை வின்டோஸ் அப்டேட் தானாகவே கொண்டந்து போடும். ஒரு நாள் வேலையும் கன ஜிபி டேட்டாவும் போனதுதான் மிச்சம்.

என்டிஐஎஸ் எண்டது வலையமைப்பு ட்ரைவர்கள் எல்லாம் சாஞ்சு நிக்கிற பொதுச் சட்டகம். அதின்ர பேரில நேரம் விழுந்தால், அதில சாஞ்சு நிக்கிற ஏதோ ஒரு ட்ரைவர் இழுத்தடிக்குது எண்டு அர்த்தம். டபிள்யூடிஎஃப்01000 உம் அந்த மாதிரிப் பொதுச் சட்டகம்தான், உங்களுக்கு அது 420 இல நிக்கிறதால விட்டுவிடுங்கோ. என்டிஐஎஸ்ஸுக்குப் பின்னால பெரும்பாலும் நிக்கிறது மூண்டு: வைஃபை, லான் போர்ட், யூஎஸ்பி டொங்கிள் அல்லது போனில இருந்து வயரால எடுக்கிற இன்டர்நெட். கடைசியா சொன்னதைக் கன பேர் மறக்கினம். வைஃபையை நிப்பாட்டிப்போட்டு டொங்கிளைக் குத்தினால் அதுவும் என்டிஐஎஸ் வழியாத்தான் வரும்.

11,840 எண்டால் 11.84 மில்லிசெக்கன். பஃபர் 10 மில்லிசெக்கன். கணக்கு நேராவே பொருந்துது, அதாலதான் சும்மா வீடியோவிலயும் வெடிக்குது. ஏசிபிஐ (மின்சாரம், பட்டரி பாக்கிற பகுதி) 3.11 மில்லிசெக்கன், அது தனிய வீடியோவைக் கெடுக்காது. ஆனால் ரெக்கோர்டிங்கில சின்ன பஃபர் வைச்சால் கெடுக்கும், அதுக்குப் பிறகு வருவம்.

முதல் உறுதிப்படுத்துங்கோ. ஸ்டார்ட் பட்டனில வலது கிளிக், டிவைஸ் மனேஜர், "நெட்வேர்க் அடப்டர்ஸ்". இன்டெல் வைஃபையில வலது கிளிக் பண்ணி "டிசேபிள் டிவைஸ்". ஃப்ளைட் மோட் போதாது, அதில ரேடியோ நிக்கும், ட்ரைவர் உள்ளுக்க இருந்துகொண்டே இருக்கும். டிசேபிள் பண்ணினால்தான் ட்ரைவர் வெளியேறும். திரும்ப 15 நிமிசம் அளவுங்கோ. என்டிஐஎஸ் கீழ இறங்கினால் குற்றவாளி வைஃபைதான். இறங்காட்டி வைஃபையைத் திரும்ப எனேபிள் பண்ணிப்போட்டு லான் போர்ட்டை டிசேபிள் பண்ணிப் பாருங்கோ.

வைஃபைதான் எண்டு தெரிஞ்சால், உங்கட வீட்டு அமைப்பை வைச்சுப் பாக்கேக்க எனக்கு முதல் சந்தேகம் சிக்னலில. ரவுட்டர் முன் விறாந்தையில, லப்டொப் பின் அறையில. சிக்னல் மெலிஞ்சால் அடப்டர் இதைவிட நல்லது பக்கத்தில இருக்கோ எண்டு அடிக்கடி எல்லாச் சனலையும் தட்டிப் பாக்கும். அந்தத் தேடல் நேரத்திலதான் பெரிய டிபிசி விழும். கொஞ்ச நேரம் சுத்தமா ஓடிப் பிறகு அடுத்தடுத்து வெடிக்குது எண்டு நீங்கள் எழுதினது இதோட ஒத்துப்போகுது.

டிவைஸ் மனேஜரில வைஃபையின்ர "ப்ரொப்பர்டீஸ்", அதில "அட்வான்ஸ்ட்" பக்கம். மூண்டு இடம் பாருங்கோ. "ரோமிங் அக்ரெசிவ்னெஸ்" வழமையா 3 இல இருக்கும், 1 ஆக்குங்கோ, "லோவெஸ்ட்". வீட்டில ஒரே ஒரு ரவுட்டர் எண்டால் இதால ஒரு நட்டமும் இல்லை. "பிரிஃபர்ட் பாண்ட்" 2.4 ஜிகாஹேர்ட்ஸ் ஆக்குங்கோ. 5 ஜிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டப் பஞ்சிப்படும், மெலிஞ்ச 5 க்கும் நல்ல 2.4 க்கும் இடையில மாறி மாறித் தாவுறதும் கரகரப்புக்கு ஒரு காரணம். "மைமோ பவர் சேவ்" எண்டதை "நோ எஸ்எம்பிஎஸ்" ஆக்குங்கோ. பிறகு "பவர் மனேஜ்மென்ட்" பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தச் சாதனத்தை நிப்பாட்டலாம் எண்ட கட்டத்தில இருக்கிற சரியை எடுத்துவிடுங்கோ.

அடுத்தது ட்ரைவர். "ட்ரைவர்" பக்கத்தில திகதியைப் பாருங்கோ. கரகரப்புத் துடங்கின காலத்தோட ஒத்து வந்தால் "ரோல் பாக் ட்ரைவர்" அமத்துங்கோ. அது மங்கலா இருந்தால் பழையது சேமிப்பில இல்லை எண்டு அர்த்தம். அப்ப இன்டெலின்ர தளத்தில இருந்து எடுக்கலாம். நிறுவனங்களின்ர கணினி நிர்வாகிகளுக்கெண்டு ட்ரைவரை மட்டும் தனி ஸிப்பாப் போட்டிருப்பினம், அதை எடுங்கோ. லப்டொப் செய்த நிறுவனத்தின்ர தளத்தில, உங்கட மொடல் இலக்கத்துக்குப் போட்டிருக்கிற ட்ரைவர் பழசா இருந்தாலும் கன தரம் அதுதான் அமைதியா ஓடும். "ட்ரைவர் அப்டேட்டர்" எண்டு விளம்பரம் காட்டுற மென்பொருள் ஒண்டையும் கிட்டவும் எடுக்காதேங்கோ.

நந்திக்கடல்:

ஓமந்தை அண்ணை சொன்னதோட ஒலிப்பதிவுப் பக்கத்தையும் சேத்துக்கொள்ளுங்கோ. ஏனெண்டால் கூத்துப் பாட்டைப் பதியேக்க வாற கரகரப்பு எல்லாம் ட்ரைவரால வாறதில்ல. மத்தளத்தின்ர அடி இன்டர்ஃபேஸ் தாங்கிற அளவைத் தாண்டி உடைஞ்சாலும் காதுக்கு இதே மாதிரித்தான் கேக்கும். ரெண்டையும் காதால பிரிக்க முடியாது, கண்ணால பிரிக்கலாம்.

கரகரத்த பதிவை ஓடசிட்டியில (இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள்) திறந்து, சத்தம் வாற இடத்தில சாம்பிள் புள்ளிகள் தனித்தனியாத் தெரியிற அளவுக்குப் பெருப்பிச்சுப் பாருங்கோ. டிபிசியால வந்த வெட்டு எண்டால், அலை ஒழுங்கா வளைஞ்சு வந்து திடீரெண்டு நிமிந்த கோடா வேற மட்டத்துக்குக் குதிச்சிருக்கும். சில நேரம் குதிக்க முதல் சுழியத்தில ஒரு துண்டு வெறுமையா நேர்கோடாக் கிடக்கும். அது பாட்டில எந்த இடத்திலயும் வரும், பாடுறவர் மூச்சு எடுக்கிற அமைதியிலயும் வரும். உடைஞ்ச சத்தம் எண்டால் அலையின்ர தலை மேலயும் கீழயும் கத்தியால சீவின மாதிரித் தட்டையா இருக்கும், அதுவும் மத்தளம் இறங்கிற இடத்திலயும் தாளம் அடிக்கிற இடத்திலயும் மட்டும். அதுக்கு எந்த ட்ரைவரும் மருந்தில்லை. இன்டர்ஃபேசில கெயினை (மைக் சத்தத்தை உள்ளுக்க எடுக்கிற அளவு) குறைச்சு, மிகப் பலமான அடி மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கோ. 24 பிட்டில பதிஞ்சால் பிறகு உயர்த்தினாலும் இரைச்சல் பெரிசாத் தெரியாது.

மூண்டாவதா இன்னொண்டு இருக்கு. வின்டோஸ் ஒலி அமைப்பில 48,000, ரெக்கோர்டிங் மென்பொருளில 44,100 எண்டு கிடந்தாலும் சில இன்டர்ஃபேஸ் தாளம் தவறிக் கரகரக்கும். எல்லா இடத்திலயும் ஒரே இலக்கம் போடுங்கோ. நான் 48,000 சொல்லுவன், வீடியோவுக்கும் அதுதான் சரி.

பஃபர் கணக்கு, 48,000 ஹேர்ட்ஸில:

64 சாம்பிள் – 1.33 மில்லிசெக்கன்
128 – 2.67
256 – 5.33
512 – 10.67
1024 – 21.33

உங்கட ஏசிபிஐ 3.11. 128 வைச்சால் அது பஃபரைத் தாண்டும், 256 இல தாண்டாது. இன்டர்ஃபேசோட வாற ஏஸியோ ட்ரைவரையே (ஒலிப்பதிவுக்கெண்டு தாமதம் குறைஞ்ச ட்ரைவர்) போடுங்கோ, அது இருக்கேக்க பொதுவான ஏஸியோ4ஓல் தேவையில்லை. பதியேக்க 256. பாடுறவருக்குத் தன்ர குரல் பிந்திக் கேக்குது எண்டால் பஃபரைக் குறைக்க ஓடாதேங்கோ. இன்டர்ஃபேசில "டைரெக்ட் மொனிட்டர்" சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் குரல் கணினிக்குள்ள போகாமலேயே ஹெட்போனுக்கு வரும். பதிவு முடிஞ்சு மிக்ஸ் பண்ணேக்க 1024 க்கு ஏத்துங்கோ, அப்ப பிந்தினால் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை.

வயரையும் கவனிக்கவேணும். இன்டர்ஃபேசை ஹப்பில கொழுவாமல் லப்டொப்பிலயே நேராக் கொழுவுங்கோ. டொங்கிள், வெளி ஹார்ட்டிஸ்க் எல்லாம் மற்றப் பக்கத்துப் போர்ட்டில. பவர் ஒப்ஷன்ஸில "யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்" ஐ "டிசேபிள்ட்" ஆக்குங்கோ, இல்லாட்டி கொஞ்ச நேரம் அமைதியா இருந்தால் வின்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்க வைச்சுப்போடும்.

கூத்து ஒரு இரவு முழுக்க ஓடுற விசயம். அண்ணாவியாரைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேக்க ஏலாது. அதால நேரடி மேடையில பதியிற நாளில லப்டொப்பை மட்டும் நம்பாமல், கையடக்க ரெக்கோர்டர் ஒண்டிலயும் சேத்துப் பதியுங்கோ. லப்டொப்பில வைஃபையை டிசேபிள் பண்ணி வைக்கிறது அண்டைக்குக் கட்டாயம்.

பனங்காமம்:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. வெப்பத்தையும் மின்சாரத்தையும் பற்றி நான் சேர்க்கிறேன், வன்னியில் இவை இரண்டையும் விட்டுவிட்டு லப்டொப்பைப் பேச முடியாது.

ஒலிக்காக "மினிமம் ப்ரொசெசர் ஸ்டேட்" 100 வீதம் வையுங்கள் என்ற அறிவுரை எல்லா இடத்திலும் இருக்கிறது. காரணம் நியாயமானது: சிபியூ வேகம் ஏறி இறங்கும் நேரத்திலும், உறக்க நிலையிலிருந்து எழும் நேரத்திலும் தாமதம் உண்டாகிறது. ஆனால் அறையே 34, 35 பாகையில் இருக்கும் மதியத்தில், கச்சான் காற்றோடு வந்த புழுதி விசிறியில் அடைத்திருக்கும் லப்டொப்பில் இதைச் செய்தால், சிபியூ சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டும். அந்த வெட்டும் ஒலியைக் கெடுக்கும். ஆகவே "மினிமம்", "மக்ஸிமம்" இரண்டையும் 99 வையுங்கள். பெரும்பாலான இன்டெல் லப்டொப்புகளில் 99 வைத்தால் டேர்போ (சிபியூ தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். வெப்பம் கண்ணுக்குத் தெரியக் குறையும், வேகம் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒலிப்பதிவுக்கு உச்ச வேகத்தைவிட ஒரே சீரான வேகமே தேவை. இது பதிவு நேரத்துக்கு மட்டும். பதிவுக்கென்று தனி பவர் பிளான் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டால், முடிந்ததும் வழமைக்கு மாறிவிடலாம். அதே பிளானில் "பிசிஐ எக்ஸ்பிரஸ்" என்பதன் கீழ் "லிங்க் ஸ்டேட் பவர் மனேஜ்மென்ட்" ஐயும் "ஓஃப்" ஆக்குங்கள். சில புதிய லப்டொப்புகளில் இந்த வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செட்டிங்ஸில் "பவர் மோட்" ஐ "பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்" ஆக்குவதோடு நிறுத்துங்கள்.

விசிறியைச் சுத்தம் செய்வதானால் லப்டொப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கீழ் மூடியைத் திறந்து, பட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். விசிறி இதழைச் சிறு குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். சுழல விட்டால் தாங்கி பழுதாகும், விசிறியே மின்சாரம் உற்பத்தி செய்து போர்டுக்குள் அனுப்பவும் கூடும். செம்புக் குழாயின் முனையில் இருக்கும் தகட்டுக்கும் விசிறிக்கும் இடையில்தான் பஞ்சுபோல் புழுதி அடைந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே இன்னும் இறுகும்.

இனி ஏசிபிஐ. அது பெரும்பாலும் பட்டரி. பட்டரியின் நிலையை வின்டோஸ் இடைக்கிடை கேட்கிறது, லப்டொப்பின் கட்டுப்பாட்டுச் சிப் பதில் சொல்லத் தாமதித்தால் அந்த நேரம் ஏசிபிஐ பெயரில் விழுகிறது. தேய்ந்த பட்டரியில் இது கூடுதல். டிவைஸ் மனேஜரில் "பட்டரீஸ்" என்பதன் கீழ் "மைக்ரோசொஃப்ட் ஏசிபிஐ கொம்ப்ளையன்ட் கொன்ட்ரோல் மெதட் பட்டரி" என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்து அளந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அது அணைந்திருக்கும்போது பட்டரி எத்தனை வீதம் என்று வின்டோசுக்குத் தெரியாது. குறைந்துவிட்டது என்ற அறிவிப்பும் வராது, தானாக உறங்கவும் மாட்டாது. கரண்ட் போன நேரத்தில் எதிர்பாராமல் நின்று பதிவு அழியும். ஆகவே சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அணையுங்கள், வேலை முடிந்ததும் திரும்ப எனேபிள் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வாக அமையக்கூடியது பயோஸ் (லப்டொப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். அதைப் பட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் கொழுவியிருக்க, கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

கடைசியாக, சார்ஜர் கொழுவினால் "ம்ம்ம்" என்று தொடர்ந்து இரைந்து, கழற்றினால் நின்றுவிடும் சத்தம் டிபிசி அல்ல. அது எர்த் குறைபாடு. இங்கே கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும்தான் கேட்கின்றன. சோலார் இன்வேர்ட்டரில் ஓடும்போது இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். லப்டொப்பையும் மிக்ஸரையும் ஒரே மல்டிப் பிளக்கில் கொழுவிப் பாருங்கள். எர்த் முனையை வெட்டிவிடுவதோ, கழற்றி விடுவதோ கூடவே கூடாது. மழை ஈரத்தில் மேடையில் மைக் பிடிக்கிறவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

மாங்குளத்தார்:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கவேணும். இதே மாதிரிக் கரகரப்பு, ஆனால் லேட்டன்சிமொன்னில ட்ரைவர் எல்லாம் 300 க்குக் கீழ. ஹார்ட் பேஜ்ஃபோல்ட் மட்டும் 9,000 ஐத் தாண்டுது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட்டிஸ்க். பிள்ளையின்ர சூம் வகுப்பு நேரத்திலதான் கூடுதல்.

ஓமந்தை:

அது வேற வருத்தம், அக்கா அல்லது அண்ணை. ட்ரைவர் சுத்தம். ராம் போதாமல் வின்டோஸ் ஹார்ட்டிஸ்க்கில இருந்து துண்டு துண்டா வாசிக்குது, சுழலுற டிஸ்க்கில ஒரு வாசிப்புக்கே 10 மில்லிசெக்கன் அளவு போகும். ஒலியும் அதுக்காகக் காத்து நிக்குது. 8 ஜிபி ஆக்குங்கோ, ஹார்ட்டிஸ்க்கை எடுத்துப்போட்டு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கோ. ஒண்டுக்குத்தான் காசு இருக்கெண்டால் முதல் எஸ்எஸ்டி. அதுவரைக்கும் சூம் நேரத்தில பிரவுசரை முழுசா மூடி வையுங்கோ. ராம் வாங்க முதல் உங்கட மொடல் டிடிஆர்3எல் ஆ, டிடிஆர்4 ஆ எண்டு பாருங்கோ, ஒண்டு மற்றதின்ர இடத்தில இறங்காது.

வாவெட்டி:

சொன்ன ஒழுங்கில செய்தாச்சு. வைஃபையை டிசேபிள் பண்ணினவுடன என்டிஐஎஸ் 90 க்கு இறங்கினது, கரகரப்பு இல்லை. திரும்ப எனேபிள் பண்ணி, ரோமிங் 1, பாண்ட் 2.4, மைமோ மூண்டையும் மாத்த 1,900 க்கு வந்தது. லப்டொப் நிறுவனத்தின்ர தளத்தில இருந்த பழைய ட்ரைவரைப் போட்ட பிறகு இப்ப 310. வீடியோ, பாட்டு எல்லாம் சுத்தம்.

பட்டரியை டிசேபிள் பண்ணினால் ஏசிபிஐயும் 150 க்கு இறங்குது. பதியேக்க மட்டும் அப்பிடிச் செய்வம். நந்திக்கடல் அண்ணை சொன்ன மாதிரிப் பழைய பதிவைப் பெருப்பிச்சுப் பாத்தால் ரெண்டும் கலந்து கிடக்கு: சில இடம் குதிச்ச கோடு, சில இடம் தட்டையான தலை. கெயினையும் குறைச்சாச்சு.

ஒரு கேள்விதான் மிச்சம். இந்தப் பழைய ட்ரைவரை வின்டோஸ் அப்டேட் திரும்பவும் மாத்திப்போடாதா?

ஓமந்தை:

மாத்தும், விட்டால். ஸ்டார்ட்டில "டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்" எண்டு தேடினால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில "நோ" குடுத்துச் சேமியுங்கோ. வின்டோஸ் புரோ எண்டால் குரூப் பொலிசியில, விண்டோஸ் அப்டேட் பகுதியில, அப்டேட்டோட ட்ரைவர்களைச் சேர்க்காதே எண்ட வரியையும் எனேபிள் பண்ணலாம். ஹோம் பதிப்பில குரூப் பொலிசி இல்லை. இதால பாதுகாப்பு அப்டேட் நிக்காது, ட்ரைவர் மட்டும்தான் நிக்கும். அப்டேட்டையே முழுசா நிப்பாட்டிப்போடாதேங்கோ.

ஆண்டில ஒருக்கா வாற பெரிய வின்டோஸ் பதிப்பு இந்தத் தடையைத் தாண்டியும் சில நேரம் புது ட்ரைவரைப் போட்டுவிடும். அதால இப்ப இருக்கிற ட்ரைவரின்ர ஸிப்பை ஒரு பென் டிரைவில எடுத்து வையுங்கோ, பதிப்பு இலக்கத்தை ஃபைல் பேரிலயே எழுதுங்கோ. பெரிய அப்டேட் ஏறினவுடன லேட்டன்சிமொன்னை ஒருக்கா ஓட விடுங்கோ. என்டிஐஎஸ் திரும்ப ஆயிரங்களில நிண்டால், டிவைஸ் மனேஜரில "அப்டேட் ட்ரைவர்", "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", "லெட் மீ பிக்" எண்டு போய்ப் பட்டியலில பழைய பதிப்பைத் தெரிவு செய்யுங்கோ. இன்டர்நெட் தேவையில்லை. அட்வான்ஸ்ட் பக்கத்தில மாத்தின ரோமிங், பாண்ட் எல்லாம் புது ட்ரைவர் ஏறினால் பழைய நிலைக்குப் போயிருக்கும், அதையும் திரும்பப் பாருங்கோ.